எஃகு, மின்சுற்று, ஒரு பெண்மணியின் வலி

அழைப்பிதழில் மாலை நான்கு மணி என்று அச்சிட்டிருந்தார்கள். நான் மூன்று மணிக்கே கோகிலாவை அழைத்துக்கொண்டு போய்விட்டேன். அவிநாசியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் முப்பத்திரண்டு வருடம் பத்திரம் எழுதியவன் நான். எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

கோயமுத்தூரில் முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடத்தைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அன்று மூன்று கண்காட்சிகளை ஒரே நேரத்தில் திறப்பதாக ஏற்பாடு. இடப்பக்கக் கூடத்தில் பிளாஸ்டிக் குடங்களை நூற்றுக்கணக்கில் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றிலும் தண்ணீர் இல்லை. அதுதான் அதன் கருத்து என்று வாசல் காவலர் சொன்னார். மாடியில் ஒருவர் ஓவியங்கள் வைத்திருந்தார். அங்கே இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் இருந்தது எங்களுடையது.

எங்களுடையது என்று சொல்வது சட்டப்படி தவறு. படைப்பு நிவேதனா என்ற பெண்ணுடையது. வலி மட்டும் என் மனைவி கோகிலாவுடையது.

பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்வார்களே, அதுபோல நெஞ்சு உயரத்தில் குறுக்காக ஒரு எஃகுக் கம்பி. ஆறடி நீளம். இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண். வேறு ஒன்றும் இல்லை. பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்தது பின்வருமாறு:

"விலா. எஃகு, மின்சுற்று, ஒரு பெண்மணியின் வலி. அளவு மாறக்கூடியது. பார்வையாளர்கள் தொடலாம்."

கோகிலா அதை இரண்டு முறை படித்தாள்.

"பேரு போடலீங்களா?" என்றாள்.

"போட்டா உனக்குத்தான் சங்கடம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"எனக்கென்ன சங்கடம்? பிளாஸ்டிக் குடத்துக்குக் கம்பெனி பேரே போட்டிருக்குது."

இங்கே கொஞ்சம் முன்கதை சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மாதம் கோகிலாவுக்கு வலது விலாவில் அக்கி வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி குயவர் ஒருவரிடம் அழைத்துப்போய் செங்காவியால் அக்கி எழுதினோம். அவர் கொப்புளத்தின் மேலேயே சிங்கம் ஒன்று வரைந்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கும் போனோம். மூன்று வாரத்தில் கொப்புளம் ஆறியது. தழும்பும் மங்கியது. வலி மட்டும் போகவில்லை. நரம்புக்குள் தங்கிவிட்டது என்றார்கள். சிலருக்கு அப்படி ஆகுமாம்.

போன ஆடி மாதம் நிவேதனா தன் பொள்ளாச்சித் தோட்டத்தில் பங்கு பிரிப்பதற்காக என்னிடம் பத்திரம் எழுத வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூளை நரம்பு பற்றி எங்கோ வெளிநாட்டில் படித்துவிட்டு, அதை விட்டுவிட்டு, கலைஞர் ஆகிவிட்டதாகச் சொன்னாள். கோகிலா சாப்பாடு கொண்டுவந்தவள், விலாவைத் தொடாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். நிவேதனா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு அவளோடு பேச ஆரம்பித்தாள். சிங்கத்தைப் பற்றிச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்தப் படத்தை ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களாம்மா?"

"மேலுக்குத் தண்ணி ஊத்துனா போயிருமுங்க. அதையெங்க எடுக்கறது?"

பத்து நாள் கழித்து எங்களைத் தன் பட்டறைக்கு வரச்சொன்னாள். சின்னப் பெட்டி வைத்த ஒரு இடுப்புப் பட்டையைக் கோகிலாவுக்குக் கட்டிவிட்டாள். பிறகு எனக்கு விளக்கினாள்.

"வலிங்கறது விலாவுல இல்லை சார். விலாவுலிருந்து மூளைக்குப் போற சேதி. அந்தச் சேதியை வழியிலேயே மறிச்சு, கம்பியைப் பிடிக்கறவரோட மூளைக்குத் திருப்பி விட்டுர்றேன்."

"வீடு மாறினா தபாலை வேற விலாசத்துக்குத் திருப்பற மாதிரியா?"

"அதேதான். ஆனா ஒரு சேதி ஒரு ஆளுக்குத்தான் போகும். ரெண்டு பேர் பிடிச்சா, முதல்ல பிடிச்சவருக்கு. அவர் கையை எடுத்தா அடுத்தவருக்கு. யாருமே பிடிக்கலைன்னா அம்மாவுக்கே திரும்பிரும். அம்மா ஒரே கட்டடத்துக்குள்ள எங்க இருந்தாலும் வேலை செய்யும். வெளியே போனா செய்யாது."

"இதை ஆஸ்பத்திரிக்கே குடுத்திரலாமேம்மா. எத்தனையோ பேருக்கு உதவுமே."

"கேட்டேன் சார். நல்லா இருக்கற ஒருத்தருக்கு வலியை உண்டாக்கற கருவிக்கு மருத்துவ அனுமதி கிடையாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பன்னெண்டு வருஷம் சோதனை பண்ணினா யோசிக்கலாமாம். கலைப்படைப்புன்னா பிரச்சனையே இல்லை. பாக்க வர்றவங்க ஒரு சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

அன்றைக்கு நிவேதனாவே கம்பியைப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பிடித்தாள். கோகிலா கையை மெல்லக் கீழே இறக்கினாள். விலாவோடு ஒட்டி வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள். "ஃபேன் காத்து சில்லுனு இருக்குதுங்க."

நிவேதனா கையை எடுத்ததும் கோகிலாவின் கை மறுபடி தானாக மேலே போனது. நீங்களும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் சார் என்று நிவேதனா என்னிடம் சொன்னாள். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்றேன். அது உண்மைதான். மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் கோகிலா கேட்டாள்: "திறப்பு விழாவுக்கு எத்தனை பேரு வருவாங்களாம்?"

"ஐந்நூறு பேருக்கு அழைப்பு அடிக்கறாங்களாம்."

அவள் மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஐந்நூறு பேர், ஆளுக்குக் கொஞ்ச நேரம். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு சாயங்காலம் முழுக்க. தீபாவளிக்குக்கூட அவள் அப்படிக் காத்திருந்ததில்லை. அந்தச் சாயங்காலத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நானும் முடிவு செய்துகொண்டேன்.

நான்கு மணி ஆயிற்று. கூட்டம் சேர்ந்துவிட்டது. கோகிலாவை நடுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் உட்கார வைத்திருந்தார்கள். படச்சட்டங்கள் அடுக்கிய அறை. வலிக்கு முகம் தெரிந்தால் பார்ப்பவர்கள் பரிதாபப்படத் தொடங்கிவிடுவார்கள், பரிதாபத்துக்காக இதைச் செய்யவில்லை என்பது நிவேதனாவின் கட்சி. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு சொம்புத் தண்ணீர். காற்றுப் பட்டாலே விலா எரியும் என்பதால் மின்விசிறியைக் கோகிலா அணைத்து வைத்திருந்தாள்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை.

பம்புசெட் தொழிலதிபர் அர்த்தநாரி அவர்கள் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைப்பதாக இருந்தது. நான்கே காலுக்குச் சூலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இருப்பதாகத் தகவல். நான்கே முக்காலுக்குக் கிளம்பிவிட்டார் என்று தகவல். ஐந்தே காலுக்கு, அப்படிக் கிளம்பியது வேறு கார் என்று தகவல். முந்நூறு பேர் கம்பியைச் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பியிலிருந்து நாலடி தள்ளி ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது.

நான் கலைக்கூட மேலாளர் தனராஜிடம் போனேன்.

"ஏனுங்க, அவரு வர்ற வரைக்கும் யாராவது ரெண்டு பேரு பிடிச்சிட்டு இருக்கட்டுமே. உள்ள அவ காத்திருக்கறா."

தனராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணா, சீஃப் கெஸ்ட் தொடங்கி வைக்கறதுக்கு முன்னாடியே ஊரே தொட்டுருச்சுன்னா, அவரு வந்து எதைத் தொடங்கி வைப்பாருங்க?"

கிரயம் எழுதும் முன்னால் வீட்டுக்குள் குடிபோக நானே யாரையும் விட்டதில்லை.

உள்ளே போய்க் கோகிலாவிடம் சொன்னேன். "சித்த நேரம் பொறுத்துக்கோ. வந்துட்டே இருக்கறாரு."

"நான் பொறுத்துக்குவனுங்க," என்றாள். "அவரை வெசனப்படாம வரச்சொல்லுங்க."

ஐந்து ஐம்பதுக்கு வந்தார். குத்துவிளக்கில் ஐந்து திரி. ஐந்து பேர் ஏற்றினார்கள். மூன்றாவது திரி இரண்டு முறை அணைந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். சிறப்பு விருந்தினர் நாடாவை வெட்டி, கைதட்டலுக்கு நடுவே கம்பியைப் பிடித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விநாடி. கையை எடுத்துவிட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை; பெரிய தொழில் நடத்துகிறவர். புகைப்படக்காரர், "சார், சரியா விழலை, இன்னொரு தடவை" என்றார். இந்த முறை சிறப்பு விருந்தினர் கம்பிக்கு ஒரு அங்குலம் மேலே கையை வைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் செய்தித்தாளில் வந்தது அந்தப் படம்தான்.

பிறகு வலி என்பது பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். தாய்மையின் வலி, தொழில்முனைவோரின் வலி, சரக்கு சேவை வரியின் வலி. அந்த இருபத்தைந்து நிமிடமும் கம்பி சும்மா இருந்தது.

ஆறரை மணிக்குத்தான் பொதுமக்களை விட்டார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒருவர் பின் ஒருவராக வந்து பிடித்தார்கள். ஆளுக்குப் பத்து விநாடி என்று நிவேதனா விதித்திருந்தாள். ஒரு கல்லூரிப் பெண் பிடித்த உடனே "ஐயோ அம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெரியவர் கோயிலில் பிடிப்பது போலத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பையன் எதற்கும் அசையாதது போல நின்றுவிட்டு, தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து அழுதான். நல்ல வரவேற்பு என்று தனராஜ் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் என் கைப்பேசி அடித்தது. பின்னறையிலிருந்து கோகிலா.

"ஏனுங்க, இது வேண்டாமுங்க."

"என்னாச்சு?"

"போகுது, வருது, போகுது, வருது. ஒருத்தரு விட்டு அடுத்தவரு பிடிக்கறதுக்குள்ள வந்து அறையுது. ஒவ்வொரு தடவையும் புதுசா வருது. விட்டு விட்டு வர்றதுக்கு, அது பாட்டுக்கு இருக்கறதே தேவலீங்க. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிப்போட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க."

நான் போய் வரிசையைக் கவனித்தேன். கையை எடுத்தவர் நெற்றியைத் துடைக்கிறார். அடுத்தவர் செல்ஃபி எடுத்துவிட்டு வருகிறார். நடுவே நான்கு விநாடி, சில சமயம் எட்டு. அந்த நான்கு விநாடியை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அது கண்காட்சிக்கு வெளியே இருந்தது.

இது எனக்குத் தெரிந்த வேலை. பதிவு அலுவலகத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. நான் கம்பியின் வலக்கோடியில் போய் நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க. இனிமே ரெண்டு ரெண்டு பேரா நிக்கணும். முன்னால இருக்கறவரு பிடிச்சிருக்கும்போதே அடுத்தவரும் பிடிச்சுக்கணும். அவரு விட்டாத்தான் உங்களுக்கு வலி வரும், பயப்படாதீங்க. அடுத்த கை வராம யாரும் முதல் கையை எடுக்கக் கூடாது."

"ஏங்க, அதெதுக்கு?" என்றார் ஒருவர்.

"வெறும் கம்பியா விடக்கூடாதுங்க. முறை."

முறை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சம்மதப் படிவங்களையும் நானே வாங்கி எழுதிக் கொடுத்தேன், வரிசை தேங்காமல் இருக்க. கை மாறியது, கை மாறியது, கம்பி ஒரு விநாடிகூட வெறுமனே இல்லை. கால் மணி நேரம் கழித்து நிவேதனாவை நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கோகிலா வலது பக்கமாக ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாகப் படுத்து நான் அவளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

வாசலருகே ஒரு மேசையில் பார்வையாளர் குறிப்பேடு வைத்திருந்தார்கள். பெயர், ஊர், கருத்து. கடைசியாக ஒரு கட்டம்: நீங்கள் உணர்ந்த வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள். பத்திரம் எழுதுகிறவனுக்கு எழுதி வைத்த எதையும் வாசிக்காமல் இருக்க முடியாது. வாசித்தேன். ஒன்பது. பத்து. பத்து. ஒன்பதரை. பத்து. ஒரு திருப்பூர்க்காரர் பன்னிரண்டு என்று போட்டு அடியில் கோடு இழுத்திருந்தார். காந்திபுரத்து நர்ஸ் ஒருவர், "மூன்று பிள்ளை பெற்றவள் நான், பத்து" என்று எழுதியிருந்தார். நான்கு பக்கம் புரட்டினேன். எட்டுக்குக் கீழே ஒருவரும் போடவில்லை.

இந்தக் கட்டத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கோகிலாவை முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எந்தத் தாளாக இருந்தாலும் நான்தான் நிரப்புவேன். வலி எவ்வளவு என்று அவளைக் கேட்டேன். பத்து என்றாள். நான் ஆறு என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்டால் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரத்தில் சொத்தின் மதிப்பை உள்ளபடி எழுதுகிற வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. கொஞ்சம் இறக்கித்தான் எழுதுவோம். வாங்குகிறவர், விற்கிறவர், பதிவாளர் எல்லோருக்கும் அது தெரியும். கை அப்படியே பழகிவிட்டது. தவிர, பத்து என்று எழுதுகிற ஆள் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. மிகையாகச் சொல்கிறாள் என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்றும் இருந்தது. எட்டுக்கு மேல் போட்டவர்களைத்தான் வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நரம்பு பழகிவிட்டது, இனி மருந்து பெரிதாகக் கேட்காது என்றார்கள். முதலிலேயே தெரிந்திருந்தாலும் நான் ஏழுதான் போட்டிருப்பேன்.

குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

ஏழேகால் மணிக்குத் தனராஜ் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "அனைவருக்கும் பின்பக்கத் திடலில் சிற்றுண்டி ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. சூடாக இருக்கிறது."

வரிசை என்று ஒன்று அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போனது. கம்பியைப் பிடித்திருந்தவர் ஒரு எல்.ஐ.சி. முகவர். பக்கத்தில் அடுத்த கைக்காகப் பார்த்தார். யாரும் இல்லை.

"சார், நான் விடலாங்களா?" என்றார். முகம் வியர்த்திருந்தது. "உளுந்து போண்டான்னு சொல்றாங்க."

"அஞ்சு நிமிஷம் பிடிச்சிருங்க. யாரையாவது கூட்டியாரேன்."

"அஞ்சு நிமிஷமா? சார், பத்து விநாடின்னுதான படிவத்துல இருக்குது? நான் கையெழுத்துப் போட்டது அதுக்குத்தான்."

படிவத்தில் அப்படித்தான் இருந்தது. நிவேதனாவைத் தேடினேன். அவளை இரண்டு பத்திரிகையாளர்கள் குடங்களுக்குக் கீழே நிறுத்திப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் தூங்குகிறாள். இவர் விட்டால் வந்து அறையும். தூக்கத்தில் அறையும்.

நான் கம்பியைப் பிடித்தேன். முகவர் கையை எடுத்தார்.

பத்திரத்தில் சொத்துக்கு நான்கெல்லை எழுதுவோம். இதற்கும் எழுதலாம். வடக்கே அக்குள். தெற்கே இடுப்பெலும்பு. கிழக்கே நெஞ்செலும்பு. மேற்கே முதுகுத்தண்டு. மேற்படி நான்கெல்லைக்கு உட்பட்ட பரப்பு முழுவதும், ஒரு அங்குலம் விடாமல், பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளிருந்து வெளியே இழுப்பது போல இருந்தது. இழுத்து முடிக்கவில்லை. முடிவில்லாமல் இழுத்தார்கள். என் சட்டை என் மேல் படுவதே தாங்கவில்லை. வீட்டில் கோகிலா என் பழைய சட்டையைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு இருப்பாள். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் இரண்டு முறை கண்டித்திருக்கிறேன். இடது கையால் சட்டையின் ஓரத்தைப் பிடித்து உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு விநாடி ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. கூடம் காலியாக இருந்தது. திடலில் சட்னி கேட்டுச் சத்தம் போட்டார்கள். கம்பியிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்று என் கைக்கு நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு முறை விரல்கள் தாமாகவே விரிந்துவிட்டன. மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஏழே முக்கால் ஆனபோது நிவேதனா ஓடி வந்தாள்.

"சார்! நீங்களா பிடிச்சிருக்கீங்க? உங்களுக்கு பி.பி. இருக்குன்னு சொன்னீங்களே! விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"வேண்டாம். அவ தூங்கறா."

"அம்மாவா?" என்று நிவேதனா என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

திரும்பினேன். கோகிலா நின்றிருந்தாள். கையில் காகிதத் தட்டு. அதில் பாதி போண்டா.

"எப்ப எந்திரிச்சே?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அப்பவே எந்திரிச்சனுங்க. பசிச்சுது. பின்னால கதவு இருந்துச்சு, வெளிய கால் வெக்காம அந்தப் பக்கம் கைய நீட்டி வாங்கிட்டன். அப்பறம் குடத்தையெல்லாம் போய்ப் பாத்தன். அது நல்லாவே இல்லீங்க. அங்க ஒரு பொம்பளை, அக்கா நீங்க கம்பியைப் பிடிச்சுப் பாத்தீங்களான்னு கேட்டா. பாத்தன்னு சொன்னன். எப்படி இருந்துச்சுன்னா. பழகிரும்னு சொன்னன்."

அவள் கம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். பார்வையாளர்கள் நிற்கிற இடம் அது. தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தாள். என் முகத்தை, தூக்கிப் பிடித்த சட்டையை, வெளுத்துப்போன விரல்களை. அவசரம் இல்லாமல் பார்த்தாள். போண்டாவில் ஒரு கடி கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பார்த்தாள். நிவேதனா தன் விதிமுறைகளில் இல்லாத ஏதோ நடப்பது தெரிந்து இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள்.

"கோகிலா," என்றேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரில நீ சொன்னதை நான் எழுதலை. நீ பத்துன்னே. நான்..."

"ஆறுன்னு எழுதுனீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"அந்தத் தாளை நர்ஸம்மாகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தது யாருங்க? நான்தான? பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அவள் சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

"நீங்க எழுதினதை நான் என்னைக்குங்க திருத்தியிருக்கறேன்?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. இன்று கேஸ் சிலிண்டர் வந்தது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். என் விலாவுக்குள் காய்ச்சிய கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நிவேதனா முன்னால் வந்தாள். "அம்மா, சார் அரை மணி நேரத்துக்கு மேல பிடிச்சிருக்கார். நான் மாத்திக்கறேன். யாருமே இவ்வளவு நேரம் பிடிச்சதில்லை."

கோகிலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "யாருமேவா கண்ணு?" என்றாள்.

நிவேதனா கம்பிப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

கோகிலா தட்டைக் கசக்கித் தொட்டியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். வலது கையை விலாவோடு ஒட்டித் தொங்கவிட்டு, இரண்டு முறை முன்னும் பின்னும் வீசிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"மேல இன்னொண்ணு இருக்குதாமல்ல? அதையும் பாத்துட்டு வந்தர்றனுங்க."

கைப்பிடிச் சுவரைத் தொடாமல் படியேறினாள். ஒலிபெருக்கியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்த தனராஜ், கம்பியில் இருக்கிற என்னையும் படியில் ஏறுகிற அவளையும் பார்த்தார்.

"அண்ணா, எட்டரைக்கு மூடணுங்க. மேல நாப்பத்தோரு படம் இருக்குது. அத்தனையும் பாக்கறாங்களாமா?"

"தெரியலைங்க," என்றேன்.

அந்தக் கட்டடம் பஞ்சுக் கிடங்காக இருந்தது என்று சொன்னேன். மேலே பேசினால் கீழே கேட்கும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைக் கோகிலா வாய்விட்டுப் படிப்பது கேட்டது. ஓவியரின் பெயர், ஊர், வருடம், துணியின் நீளம், அகலம், எந்த எண்ணெய் வர்ணம். ஒரு வரியையும் விடவில்லை. முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்துக்கு நகர அவளுக்கு நான்கு நிமிடம் ஆனது. அதன் பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.